பதினான்காம் தடமும் என் மகன் வரும் சாலையும்

1

பஸ் நிறுத்தக் கம்பத்தில் அந்த அறிவிப்பை ஒட்டியிருந்த காலையில் நான் சந்தோஷப்பட்டேன். மேலே பெரிதாக "ரூட் 14" என்று இருந்தது. கீழே "டிஸ்க" என்று தொடங்கும் நீளமான ஆங்கிலச் சொல் ஒன்று. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். திருப்பூரில் வளர்ந்தவளுக்கு அப்படித் தொடங்கும் சொல் ஒன்றே ஒன்றுதான் தெரியும். என் கணவர் அன்சாரி அங்கே ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவர். வெளிநாட்டுக்காரர்களிடம் ஆர்டர் பேசி, சரக்கு கப்பல் ஏறும்வரை பின்னாலேயே அலைகிற வேலை. வீட்டுக்கு வந்து கையலம்பும்போதே "இன்னிக்கும் டிஸ்கவுண்ட் கேக்கறானுங்க" என்று ஆரம்பிப்பார். சோற்றுக்கும் குழம்புக்கும் நடுவில் எங்கள் வீட்டில் புழங்கிய சொல் அது. ஆகவே பஸ் கட்டணத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று முடிவுசெய்துகொண்டேன்.

அடுத்த நிறுத்தத்தில் மெர்சி ஏறினாள். பிலிப்பைன்ஸ்காரி. பதினான்காம் தடம் போய் முடியும் இடத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அவள் அங்கே வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பிட வைப்பவள். நான் அதே இல்லத்தின் லாண்டரி அறையில் போர்வைகளையும் துண்டுகளையும் மடித்து அடுக்குபவள். ஏறியவுடன் அவளிடம் நல்ல செய்தியைச் சொன்னேன். அவள் போனை எடுத்துத் தேடிப் படித்தாள். படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது டிஸ்கவுண்ட் இல்லை ராபியா, டிஸ்கன்டினியூட், இந்தத் தடத்தையே நிறுத்தப்போகிறார்கள் என்றாள்.

நாங்கள் இருவரும் சிரித்தோம். வேறு என்ன செய்வது என்று தெரியாத சிரிப்பு. பஸ் ஓட்டிய டேவ் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

2

நான் இருப்பது கனடாவில் ஒரு நடுத்தர ஊர். பெயர் சொன்னாலும் உங்களில் பலருக்குத் தெரியாது. வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. வந்தபோது என் மகன் இம்ரானுக்குப் பள்ளிக்கூட வயது. அன்சாரிக்கு இங்கே ஒரு துணி இறக்குமதிக் கிடங்கில் வேலை கிடைத்தது. அவர் முதலில் வாங்கிய பொருள் கார். இரண்டாவதாகத்தான் கட்டில் வாங்கினார். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இந்த ஊரில் கார் இல்லாதவர் நிலைமை காலில்லாதவர் நிலைமை என்பது அவர் போன பிறகுதான் புரிந்தது.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க அவர் பாடுபட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெரிய கடையின் காலி வாகன நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போவார். நான் பிரேக்கை மிதித்தால் அவர் தலை முன்னால் போய் வரும். கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு நாள் நானே அழுதுவிட்டேன். "சரி வுடு, நான் இருக்கறப்ப உனக்கெதுக்கு" என்றார். அதோடு அந்தப் பாடம் முடிந்தது.

அவர் மவுத்தான பிறகு காரை இம்ரான் விற்றுவிட்டான். அவன் அதற்குள் வேலைக்காகப் பெருநகரத்துக்குப் போய், திருமணமும் ஆகிவிட்டிருந்தது. அவனும் மருமகளும் விடிந்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறவர்கள். நான் இந்த வீட்டிலேயே தங்கிவிட்டேன். பகலில் இங்கே சத்தம் போடுவது குளிர்சாதனப் பெட்டி ஒன்றுதான். அதுவும் நின்று நின்றுதான் போடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், காருக்குள்ளிருந்து கையசைப்பார்கள். கராஜ் கதவு திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடும். அவர்களில் ஒருவருடைய செருப்பைக்கூட நான் பார்த்ததில்லை.

அதனால்தான் வேலைக்குப் போனேன். சம்பளத்துக்காக என்று இம்ரானிடம் சொன்னேன். உண்மையில் அந்தப் பஸ்ஸுக்காக என்றுதான் சொல்லவேண்டும். டேவ் "மார்னிங், ராபியா" என்பார். மெர்சி தன் அம்மாவைப் பற்றிப் பேசுவாள். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்குவார்கள். யாரும் என்னிடம் பேசாத நாளில்கூட, ஆட்கள் மூச்சுவிடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது போதுமாக இருந்தது.

3

அந்த வாரமே இம்ரான் கூப்பிட்டான். அவன் ஆங்கிலத்தில்தான் நினைக்கிறான் என்பது எனக்குத் தெரியும். மிச்சமிருக்கும் தமிழில் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஆனால் அவன் அத்தா அன்சாரி பேசிய "ங்க" மட்டும் உதிரவில்லை.

"அம்மா, நியூஸ் பாத்தீங்களா? ஹைவேயை அகலப்படுத்தப் பணம் வருதுங்க. அந்த லேன் வந்துட்டா நான் வாரா வாரம் வந்துருவேனுங்கம்மா."

அவன் இருக்கும் நகரத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரே ஒரு நெடுஞ்சாலை. அது காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. லாரியும் காருமாக நகராமல் நிற்கும். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி, பாதி வழியில் சலித்துப்போய்த் திரும்பிவிட்டேன் என்று அவன் போன் செய்த நாட்கள் உண்டு. அதனால் அவன் சொன்னதை நான் நம்பினேன். அவன் குரலில் பொய் இல்லை. அம்மாவைப் பார்க்க வருவதற்குக் குறுக்கே நிற்பது அந்த நெரிசல் மட்டும்தான் என்று அவன் முழுமனதோடு நம்பினான்.

சாலைக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போடச் சொல்லி என் போனுக்கு ஒரு லிங்க் அனுப்பியிருந்தான். அது திறக்க மாட்டேனென்கிறது என்று சொல்லிவிட்டேன். திறந்தது. போட மனம் வரவில்லை, போடாமலிருக்கவும் மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். மாகாண அரசு எங்கள் வட்டாரத்துக்குப் போக்குவரத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை தருகிறது. அதில் நெடுஞ்சாலைக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு என்று உள்ளூர் மன்றம் பிரிக்கவேண்டும். முன்பெல்லாம் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்தார்களாம். இந்த முறை சாலையை அகலப்படுத்துவதற்குப் பெரும்பங்கு வேண்டும். நூலகத்தில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். வட்டம் ஒன்று வரைந்து வெட்டியிருந்தது. பெரிய துண்டு நீலம், அது சாலைக்கு. சின்னத் துண்டு மஞ்சள், அது பஸ்ஸுக்கு. பதினான்காம் தடம் மஞ்சளுக்குள்ளும் வரவில்லை.

பலகைக்குப் பக்கத்தில் நின்ற பெண் பொறுமையாக விளக்கினாள். எங்கள் தடத்தில் ஆளே ஏறுவதில்லை, காலி பஸ்ஸை எத்தனை நாள் ஓட்டுவது என்று கேட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. டேவின் பஸ்ஸில் பாதி இருக்கை எப்போதும் காலிதான். ஏறுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும் என்பதற்காக அது நிறைந்த பஸ் ஆகிவிடாது.

மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்று நடக்கும், விருப்பமுள்ளவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்தால் பேசலாம் என்றாள். மெர்சி தன் பெயரைக் கொடுத்தாள். பிறகு என்னைக் கேட்காமலே என் பெயரையும் கொடுத்தாள்.

4

பஸ் வேண்டுமென்றால் பெயர் கொடுக்கவேண்டும் என்பது எனக்குப் புதிது. திருப்பூரில் எங்கள் மண்ணரைப் பக்கம் பஸ் வேண்டுமென்றால் ரோட்டில் உட்காருவோம்.

கல்யாணத்துக்கு முன்னால் நானும் தங்கை ஜமீலாவும் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தோம். செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனில் ஓட்டையோ கறையோ தையல் பிசகோ இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்துப் போடவேண்டும். மண்ணரையிலிருந்து பஸ் ஏறி, பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பல்லடம் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். முதல் பஸ்தான் பிரச்சினை. எங்கள் நிறுத்தத்துக்கு வரும்போதே படிக்கட்டில் ஆட்கள் தொங்குவார்கள். நிற்காமல் போய்விடும். லேட்டாகப் போனால் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க முடியாது.

ஒரு நாள் காலை அப்படிப் போன பஸ்ஸுக்குப் பின்னாடியே பக்கத்து லைன் வீட்டு சரஸ்வதியக்கா நடுரோட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். சோற்றுப் போசியை மடியில் வைத்துக்கொண்டு, "பஸ்ஸு வார வரைக்கும் ஒருத்தியும் எந்திரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். ஒவ்வொருத்தராக உட்கார்ந்தோம். தெற்கத்திக்காரர்கள், எங்கள் தெருப் பெண்கள், இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும். ஜமீலா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் லாரிகள் நின்றுபோயின. வெயில் ஏறியது. ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து பேசினார். கொஞ்ச நாளில் காலையில் இன்னொரு பஸ் விட்டார்கள்.

எங்கள் அத்தாவுக்கு அதில் கோபம். அவருக்குப் பனியன் வேஸ்ட் வியாபாரம். வெட்டிக் கழித்த துணியை மூட்டை மூட்டையாக டெம்போவில் ஏற்றி அனுப்புவார். நாங்கள் மறித்த லாரிகளுக்குப் பின்னால் அவருடைய டெம்போவும் நின்றிருக்கிறது. அன்று மாலை முழுக்க அவர் பொரிந்துகொண்டிருந்தார்.

"குழியும் மேடுமாக் கெடக்குது, அதைச் சரிபண்ணச் சொல்லிக் கேக்க ஒருத்தரும் இல்ல. ரோடு நல்லா இருந்தாத்தான யாவாரம் ஓடும்? யாவாரம் ஓடுனாத்தான உங்களுக்கு வேலை?"

அவர் சொன்னதும் சரிதான். ஒரே வீட்டுக்குள் அவருக்கு ரோடு வேண்டும், எங்களுக்குப் பஸ் வேண்டும். புது பஸ் முதல்நாள் வந்தபோது அத்தா கடையைத் திறக்காமல் நிறுத்தத்துக்கு வந்து நின்று, நாங்கள் ஏறி உட்காரும்வரை பார்த்துவிட்டுப் போனார். 

5

கூட்டம் நடந்த நாளன்று மெர்சி இல்லத்திலிருந்து நேரே போவதாகவும், நான் வீட்டிலிருந்து வருவதாகவும் ஏற்பாடு. நல்ல புடவை கட்டி, மேலே கோட்டும் முக்காடும் போட்டுக் கிளம்பி நிற்கிறேன். வாசலில் கார் வந்து நின்றது. இம்ரான்.

சொல்லாமல் வந்திருந்தான். என்னைக் கட்டிக்கொண்டான். மெலிந்திருந்தான். ஊரில் ஒரு மீட்டிங் இருக்கிறது, முடித்துவிட்டு வந்து சாப்பிடுகிறேன் என்றான். எந்த மீட்டிங் என்று கேட்டேன். நகர மன்றத்தில் என்றான். அப்போதுதான் என் உடுப்பைப் பார்த்தான்.

"நீங்க எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"அங்கதான் கண்ணு."

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இருவரும் காரில் ஏறினோம். அவன் ஹீட்டரைக் கூட்டினான், குறைத்தான். சிக்னலில் நிற்கும்போது என் சீட் பெல்ட் சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். எனக்கு அவன்மேல் கோபமில்லை. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் போய் எதிரெதிராகப் பேசப்போகிறோமே என்ற கூச்சம்தான் இருந்தது.

கூடத்தில் நிறைய பேர். லாரிக் கம்பெனிக்காரர்கள், கடைக்காரர்கள், பெருநகரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள். பஸ்ஸுக்காக வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களைப் பார்த்தாலே தெரிந்தது, எல்லோரும் திரும்பிப் போகிற கடைசி பஸ் எப்போது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெர்சி எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் பேசவேண்டியதை எழுதியும் வைத்திருந்தாள்.

இம்ரான் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். நன்றாகப் பேசினான். அவனுடைய ஆங்கிலத்தைப் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன், அவன் என்னைப் பற்றித்தான் பேசுகிறான் என்பது பிடிபடும்வரை.

என் அம்மா இந்த ஊரில் தனியாக இருக்கிறார் என்றான். போன குளிர்காலத்தில் வீட்டுப் பின்படியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்றான். ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்ததும் கிளம்பினேன், நெடுஞ்சாலையில் ஒரு விபத்து, ஒரே ஒரு மாற்றுப் பாதைகூட இல்லை, அவர் பக்கத்தில் போய்ச் சேர எனக்குப் பொழுது சாய்ந்துவிட்டது என்றான்.  அந்தப் பகல் முழுக்க அவன் காருக்குள் என்ன பாடு பட்டான் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவன் சொன்னதேயில்லை.

அடுத்து மெர்சி பேசினாள். அதற்கடுத்து என் பெயர்.

மைக் முன்னால் போய் நின்றபோது மெர்சி எழுதித் தந்ததைப் பிரிக்கவில்லை. அது ஒரு சாலையை எதிர்த்து எழுதியது. என் மகன் இப்போதுதான் அந்தச் சாலை எதற்கு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். தமிழில் அது இப்படி வரும்:

"முதலில் பேசியது என் மகன். அவன் சொன்னதெல்லாம் உண்மை. அன்று அவன் சீக்கிரம் வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் நான் விழுந்தது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நான் பனியில் கிடந்தேன். போன் வீட்டுக்குள் இருந்தது. கூப்பிட்டேன், யாருக்கும் கேட்கவில்லை. பதினான்காம் தட ஓட்டுநர் என் நிறுத்தத்தில் நான் இல்லை என்று பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய மெர்சியிடம் சொன்னார். மெர்சி இறங்கி நடந்து வந்து, என்னைக் கண்டுபிடித்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் என் மகனுக்குச் செய்தி போனது. சாலை ஆளைச் சீக்கிரம் கொண்டுவரும். நான் அன்று வரவில்லை என்பது சாலைக்குத் தெரியாது. என் மகனுக்கு அவன் சாலையைக் கொடுங்கள். எனக்குப் பஸ்ஸை விட்டுவையுங்கள்."

நேரம் முடியவில்லை. ஆனால் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். கைதட்டினார்கள். மேடையில் இருந்த ஒரு உறுப்பினர் எனக்கு நன்றி சொன்னார். எல்லோருக்கும் சொன்ன அதே நன்றி.

6

திரும்பி வரும்போது இம்ரான் காரை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தான்.

"பஸ் டிரைவர்தான் பாத்தாருன்னு ஏன் எங்கிட்டச் சொல்லலீங்கம்மா?"

"நீ வந்து சேந்ததே போதும்னு இருந்துச்சு கண்ணு. வேற எதுவும் நெனப்புல வரல."

பக்கத்து வீட்டுக்காரர் யாரோதான் பார்த்துச் சொன்னார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தானாம். தன்னோடு வந்துவிடச் சொன்னான். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அவனுடைய வீடு உயரமான கட்டிடத்தில் இருக்கிறது. பகலெல்லாம் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். இங்கே கிடைக்கிற தனிமையை அங்கே போய் லிஃப்டில் ஏறி அனுபவிக்கவேண்டும். அதை அப்படிச் சொல்லாமல், வேலை இருக்கிறதே என்றேன். அன்று அவன் இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டான்.

மன்றத்தில் கை தூக்கி முடிவெடுத்தார்கள். வட்டம் பலகையில் இருந்தபடியே வெட்டப்பட்டது. பதினான்காம் தடம் கோடையின் தொடக்கத்தில் நின்றது. கடைசி நாளில் டேவ் எல்லோருக்கும் டோநட் வாங்கி வந்திருந்தார். அவரை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

பஸ்ஸுக்குப் பதிலாக ஒரு வேன் வரும், முந்தின நாளே போனில் பதிவு செய்யவேண்டும் என்றார்கள். போனை எடுப்பது ஒரு இயந்திரம். பெயரைச் சொல்லச் சொல்லும். ராபியா என்பேன். மன்னிக்கவும், புரியவில்லை என்னும். கடைசியில் இம்ரானின் யோசனைப்படி "ராப்" என்று சொன்னேன், அது ஏற்றுக்கொண்டது. தெருப்பெயரில் மறுபடி தகராறு. ஒரு நாள் வேன் இதே மாதிரி ஒலிக்கும் வேறொரு தெருவில் போய் நின்று, ராப் என்கிற ஆண் வரவில்லை என்று பதிவுசெய்துகொண்டு போய்விட்டது. அலுவலகத்துக்குப் போன் செய்து நான்தான் ராப் என்று விளக்கினேன். அந்தப் பெண் மிகவும் வருத்தப்பட்டாள். அப்படி மூன்று முறை வராதவர்களின் பதிவை நிறுத்திவைப்பது விதி என்றும் சொன்னாள்.

இரண்டு மாதம் சமாளித்துப் பார்த்தேன். வேன் முன்னால் வந்துவிடும், அல்லது பிந்தி வரும். லாண்டரி அறைப் பொறுப்பாளர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. நானே வேலையிலிருந்து நின்றுகொண்டேன். மெர்சி இல்லத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். எப்போதாவது செய்தி அனுப்புவாள். வந்து பார் என்பாள். வருகிறேன் என்பேன். எதில் போவது என்று இருவரும் கேட்டுக்கொள்வதில்லை.

7

இதற்கிடையில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது.

நெடுஞ்சாலை வேலை தொடங்கியதும் நெரிசல் முன்பைவிட மோசமானது. இம்ரானின் அலுவலகமும் அதே சாலையில்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் தினமும் மாட்டிக்கொள்வான். மாட்டிக்கொண்டால் என்னைக் கூப்பிடுவான். முதலில் சும்மா, எங்கே நிற்கிறேன் என்று சொல்ல. பிறகு அது பழகிவிட்டது. மாலையானால் நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

நேரில் வரும்போது கேட்காததையெல்லாம் கேட்டான். அவன் அத்தாவின் ஊரான வெள்ளகோவிலிலிருந்து அவர் திருப்பூருக்கு எப்படி வேலைக்கு வந்தார், எங்கள் கல்யாணம் எப்படி முடிவானது, நாங்கள் ஏன் இங்கே வந்தோம். ரோட்டில் உட்கார்ந்த கதையை இரண்டு தடவை சொல்லச் சொன்னான். போலீஸ் வரவில்லையா என்று கேட்டான். தமிழ்ச் சொல் வராதபோது ஆங்கிலத்தில் சொல்வான், நான் தமிழில் எடுத்துக் கொடுப்பேன். ஒரு நாள், முன்னாடி கிளம்பிட்டாங்கம்மா, கார் நகருது, போனை வெக்கட்டுமா என்றான். இன்னும் கொஞ்சம் நிற்காதா அந்த வரிசை என்று எனக்குத் தோன்றியது. யாரோ ஒரு தாய் தன் பிள்ளைக்காகக் காத்திருப்பாள், அந்த வரிசையில் நோயாளியும் இருப்பான் என்று நினைத்து அந்த எண்ணத்தை விரட்டினேன்.

போன மாதம் சாலை முடிந்தது. திறந்துவிட்டார்கள். இம்ரான் இப்போது வேலையிலிருந்து விரைவாக வீட்டுக்குப் போய்விடுகிறான். காரில் ஏறினால் இறங்கிவிடுகிறான், பேசுவதற்கு நடுவில் நேரமில்லை. மாலையில் போன் வருவது நின்றுவிட்டது. அவன்மேல் குற்றமில்லை. நானும் கொஞ்ச நாள் டீயோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

வாரா வாரம் வருவேன் என்றானே, வருகிறானா என்று கேட்பீர்கள். திறந்த முதல் ஞாயிறே வந்தான். புதுச் சாலையைக் காட்ட என்னை ஏற்றிக்கொண்டு போனான். அகலமாக, வழுவழுவென்று இருந்தது. கார் ஓடுகிற சத்தமே இல்லை.

"எப்படி இருக்குதுங்கம்மா?"

"நல்லா இருக்குது கண்ணு."

நல்லாத்தான் இருந்தது. போகவர வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் நிற்கிற ஒரு மனுஷர்கூடக் கண்ணில் படவில்லை. நிற்பதற்கு அங்கே இடமும் இல்லை. திரும்பி வந்து சாப்பிட்டான். முன்பெல்லாம் நெரிசலுக்குப் பயந்து இரவு தங்கி, மறுநாள் இருட்டோடு கிளம்புவான். இப்போது தங்கவேண்டிய அவசியம் இல்லை. இப்பப் போனா சட்டுன்னு போயிடுவேனுங்க என்று சாவியை எடுத்துக்கொண்டான். வெயில் தாழக்கூட இல்லை.

அதற்கடுத்த வாரமும் வந்தான். அதற்கடுத்த இரண்டு வாரம் வரவில்லை. வேலை இருந்திருக்கிறது.

8

கோடையில் இங்கே பொழுது சாய வெகு நேரமாகும். எனக்கு ஞாயிறு மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஊரில் திங்கள் காலை விடிந்துவிடும். அப்படி ஒரு ஞாயிறு, இம்ரான் கார் திரும்பிப் போன பிறகு, பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு ஜமீலாவைக் கூப்பிட்டேன். அவள் இன்னும் அருள்புரத்துக்குத்தான் போகிறாள். அந்த வேலையை விடவில்லை, கம்பெனி மட்டும் மாறியிருக்கிறது. புருஷன் இல்லை, பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டாள்.

மண்ணரை நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். இரைச்சலுக்கு நடுவில் கத்திக் கத்திப் பேசினாள். பல்லடம் ரோட்டையெல்லாம் அகலமாக்கிவிட்டார்கள், நடுவில் தடுப்பு வைத்துவிட்டார்கள், இந்தப் பக்கம் இறங்கினால் அந்தப் பக்கம் போகச் சுற்றிக்கொண்டு நடக்கவேண்டியிருக்கிறது, மூட்டு வலிக்கிறது என்றாள். பஸ் மட்டும் கூடவில்லையாம். வடக்கத்திப் பையன்கள் நிறைய வந்துவிட்டார்கள், அவர்களும் இதே பஸ்ஸில்தான் ஏறவேண்டும், பாவம் என்றாள். பிறகு கேட்டாள்.

"ஏனுங்க்கா, உங்க ஊர்ல எல்லாம் இப்படிப் பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கற சோலியே இருக்காதுங்களா?"

"இல்ல ஜமீலா. அந்தச் சோலியே இல்ல."

சொன்னது உண்மைதான். மிச்சத்தை அந்தச் சத்தத்தில் எப்படிச் சொல்வது? அவள் என்னைப் பற்றி வைத்திருக்கும் நினைப்பில் நான் காரில் போகிறேன், வருகிறேன், மகன் பக்கத்தில் இருக்கிறான்.

"பஸ்ஸு வந்துருச்சுங்க்கா, வெக்கறேனுங்க" என்றாள்.

"வெக்காத கண்ணு. அப்படியே பைக்குள்ள போட்டுக்க."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நேரமும் இல்லை. போன் பைக்குள் விழுந்தது, போசிமேல் பட்டு ஒரு சத்தம். அப்புறம் செருப்புகள், தள்ளுமுள்ளு, விசில். பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. யாரோ இந்தியில் போனில் பேசினான். யாரோ ஒருத்தி மருமகளைப் பற்றித் தெற்கத்திப் பேச்சில் புலம்பினாள். கண்டக்டர், உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடமிருக்குது என்றார். இங்கே என் வீட்டில் விளக்கு போடவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

பைக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. இளம் குரல், களைத்த குரல். "அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க்கா, நானும் ஒண்டிக்கறேன்" என்றாள்.

என்னை அறியாமல் நான் சோபாவில் ஒரு ஆள் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.